பட்டியலில் ஜமீலாவின் பாடம்

கணிதத் துறை அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கவிதா போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள். ஒவ்வொரு செமஸ்டருக்கும் எந்தெந்தப் பாடங்களை நடத்துவது என்று பட்டியல் போடும் வேலையை நான் எப்படிச் செய்தேன் என்பதைப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றாள். சிஸ்டம் எல்லாம் மாறிவிட்டதாம். ஆனால் அந்த சிஸ்டத்துக்குள் எதைப் போடுவது, எதை விடுவது என்று சொல்லித் தர ஆளில்லையாம். சரி என்று உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தி முடிவதற்குள் ஜமீலாவின் பெயர் நான்கு முறை வந்துவிட்டது. அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு, கவிதாவுக்கு வேண்டிய இரண்டு பக்கத்தைத் தனியாக எழுதி அனுப்பினேன். அதில் சேர்க்க முடியாதது இது.

ஜமீலாவும் நானும் ஒரே வருஷம், ஒரே பெஞ்ச், ஒரே பட்டம். என் அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். அவள் அப்பாவுக்கு ஜார்ஜ்டவுனில் பாத்திரக் கடை. நான் எங்கள் கரையிலிருந்து ஃபெரியில் கடலைத் தாண்டி ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவுக்கு வந்து பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம் போவேன். சாயங்காலம் திரும்பும்போது அவளும் என்னோடு ஃபெரி ஏறும் துறையான ஜெட்டி வரைக்கும் வந்து, ஃபெரி கிளம்பும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவாள். கணக்கில் நான் அவளைவிடக் கொஞ்சம் மேலே இருந்தேன். இரண்டாம் வருஷம் மெய்ப்பகுப்பாய்வில் எனக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அவளுக்கு ஐந்தாவதோ ஆறாவதோ இடம்.

பட்டம் முடிந்த பிறகு, ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்பி முனைவர் பட்டம் படிக்கவைத்துத் திரும்ப விரிவுரையாளராக எடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று வந்தது. எங்கள் இருவரையும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். என்னைப் பலகையில் ஒரு தேற்றத்தை நிறுவச் சொன்னார்கள். ஒரு வரி பிசகாமல் எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பியபோது, பேனல் உறுப்பினர் ஒருவர், இதற்கு அடுத்து உனக்குத் தோன்றுகிற கேள்வி என்ன என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நிறுவியாகிவிட்டதே, இனி என்ன கேள்வி என்றுதான் நினைத்தேன். சாக்பீஸைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

எனக்குப் பிறகு உள்ளே போன ஜமீலா நிறுவலைப் பாதியில் தப்பாக எழுதி, தானே சிரித்து, அழித்து, திரும்ப எழுதினாளாம். கடைசியில் அவர்களிடமே இரண்டு கேள்வி கேட்டாளாம். இதை அவளே ஜெட்டியில் என்னிடம் சொன்னாள். தனக்குக் கிடைக்காது என்று நம்பித்தான் சொன்னாள். மூன்று வாரம் கழித்து அவளுக்குக் கடிதம் வந்தது. நான் அவள் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னேன். ஃபெரி மறுகரை போய்ச் சேரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சரியாக எழுதினேன், அவள் தப்பாக எழுதினாள் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டவள் அவள்தான் என்பதைச் சொல்லிக்கொள்ளப் பல வருஷம் ஆனது.

அதே துறையின் அலுவலகத்தில் தற்காலிக வேலை ஒன்று இருந்தது. சேர்ந்தேன். பிறகு அது நிரந்தரமானது. குமாஸ்தாவை எங்கள் பக்கம் கிராணி என்போம்; என் மகள் யுனிவர்சிட்டியில் கிராணி என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். ஐந்து வருஷம் கழித்து ஜமீலா டாக்டர் ஜமீலாவாகத் திரும்பி வந்தாள். அவள் பெயரைப் பாடப் பட்டியலில் முதன்முதலாகத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

பட்டியல் எப்படி உருவாகும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செமஸ்டர் தொடங்குவதற்குப் பத்து வாரம் முன்னால் ஒவ்வொரு விரிவுரையாளருக்கும் கடிதம் போகும்: என்ன பாடம் நடத்த விரும்புகிறீர்கள்? எல்லோரும் தங்களுக்குப் பிரியமான பாடத்தைத்தான் எழுதுவார்கள். பொறியியல் மாணவர்கள் இருநூறு பேருக்குக் காலை எட்டு மணிக்கு நுண்கணிதம் நடத்த ஆசை என்று ஒருவரும் எழுதியதில்லை. ஆனால் துறை உயிரோடு இருப்பதே அந்த இருநூறு பேரால்தான். ஆகவே பட்டியலில் முதலில் அவர்கள். அடுத்து முதல் இரண்டு வருஷ மாணவர்களின் கட்டாயப் பாடங்கள். அதற்குப் பிறகு மூன்றாம் வருஷத்து விருப்பப் பாடங்கள். கடைசியாக முதுகலைப் பாடங்கள். முதுகலைப் பாடங்களில் பாதியை ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் நடத்துவோம். விருப்பப் பாடத்துக்குப் பத்துப் பேர், முதுகலைப் பாடத்துக்கு ஐந்து பேர் சேர வேண்டும். இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பதிவு மூடும். அந்த நேரத்தில் எண்ணிக்கை குறைந்தால் பாடம் ரத்து. ரத்தான பாடத்தின் விரிவுரையாளருக்கு ஏதாவது ஒரு நுண்கணித வகுப்பு போய்ச் சேரும்.

என் காலத்தின் பெரும்பகுதியில் துறைத் தலைவராக இருந்தவர் பேராசிரியர் ஓங். மெலிந்த மனிதர். எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. நான் பட்டியலை அச்செடுத்துக் கொண்டுபோனால் மேஜையை முதலில் காலி செய்வார். பிறகு ஒரு மரஸ்கேலை முதல் பாடத்தின் கீழே வைத்து, வரிவரியாக இறக்கிக்கொண்டே வருவார். கையில் பென்சில்தான், பேனா தொடமாட்டார். ஒவ்வொரு வரியிலும் யார், எந்த அறை, எத்தனை பேர் என்று கேட்பார். நான் தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். ஒரு பாடத்தை எடுத்துவிடலாமா என்று யோசிக்கும்போது, இதை எடுத்தால் யார் பட்டம் வாங்கத் தாமதமாகும் என்று கேட்பார். பெயர் சொல்ல வேண்டும். 'சில மாணவர்கள்' என்று சொன்னால் ஸ்கேல் நகராது. அவருக்கு இன்னொரு வழக்கம். ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்கமாட்டார். கேட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். பதில் வரும்வரை பென்சில் அப்படியே கிடக்கும்.

அவரிடம் கற்ற பழக்கத்தால் எனக்கு அறைகளும் பெயர்களும் எண்களும் தலைக்குள் அப்படியே நின்றன. ஆனால் ஜமீலாவின் வரிகள் நிற்பதற்குக் காரணம் வேறு.

அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதுதான் கஷ்டம். எல்லோர் முன்னாலும் என்னைப் பத்மா என்றே கூப்பிடுவாள். நான் அலுவலகத்தில் டாக்டர் என்பேன். தனியாக இருக்கும்போது அவள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, இங்கே யாருமில்லை, பெயர் சொல் என்பாள். அவள் சுலபமாகச் சொல்லிவிடுவாள். டாக்டர் என்ற சொல்லை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு அதை வேண்டாம் என்று சொல்வது சுலபம்.

அவள் மாணவர்களுக்குக் கொடுக்கும் கணக்குத் தாள்கள் நகலெடுக்க என் மேஜைக்குத்தான் வரும். ஒரு பிரதி கூடுதலாக எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். சமையல் முடிந்ததும் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் முடித்துவிடுவேன். முடித்த அன்று நிம்மதியாக இருக்கும். முடியாத அன்று கணவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவேன். அவருக்குக் கடைசிவரை அது என்ன கோபம் என்றே தெரியாது.

ஒருமுறை அவளுடைய இறுதித் தேர்வுத் தாளை உறையில் போடுவதற்கு முன் அடுக்கிக்கொண்டிருந்தேன். நாலாவது கேள்வியில் 'தொடர்ச்சியான' என்ற ஒரு சொல் விடுபட்டிருந்தது. அது இல்லாமல் அந்தக் கூற்று பொய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் அறைக்குக் கொண்டுபோய், வேறு இரண்டு விரிவுரையாளர்கள் அங்கே இருக்கும் நேரம் பார்த்து, டாக்டர், இந்தக் கேள்வி தப்பு என்றேன். அவள் பார்த்தாள். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்குத் தேநீர் நேரத்தில் எல்லோரிடமும், பத்மா இல்லையென்றால் என் மானம் போயிருக்கும், இந்த டிபார்ட்மெண்டில் என்னைவிட ஒழுங்காகக் கணக்கு படித்தவள் அவள்தான் என்று சொன்னாள். அவளைச் சிறுமைப்படுத்தப் போன எனக்கு அவள் கையால் பாராட்டு கிடைத்தது. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடிந்ததில்லை.

முதுகலைப் பாடங்கள் தொடங்கியபோது அவள் அளவைக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டாள். நாங்கள் படித்த காலத்தில் நடத்த ஆளில்லாமல் போன பாடம் அது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவள் பெயரோடு அது பட்டியலில் வரும்.

இனிச் சொல்லப்போவது அந்தப் பாடம் ஆறாவது தடவை வந்தபோது நடந்தது.

அந்த வாரம் புதன்கிழமை அவளுக்கு இணைப் பேராசிரியர் பதவி உயர்வு உறுதியானது. வியாழக்கிழமை கருத்தரங்க அறையில் சின்ன விருந்து. கூஇ பலகார வகைகளுக்குச் சொல்லி ஏற்பாடு செய்தவள் நான். அவள் நன்றி சொல்லிப் பேசும்போது என்னைக் காட்டி, பத்மாவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம், அந்த பெஞ்சில் உட்கார்ந்த யார் வேண்டுமானாலும் இன்று இங்கே நின்றிருக்கலாம் என்றாள். அடக்கமாகத்தான் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, யார் வேண்டுமானாலும் நின்றிருக்கலாம் என்றால் நான் ஏன் தட்டு அடுக்குகிறேன் என்று தோன்றியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதிவு மூடும் நாள். அவள் பாடத்தில் நான்கு பேர் இருந்தார்கள்.

முழுநேர மாணவர்கள் சிஸ்டத்தில் தாங்களே பதிந்துகொள்வார்கள். படிப்புக் காலத்தை நீட்டித்து வாங்கிய பகுதிநேர மாணவர்களுக்கு மட்டும் டீன் கையெழுத்திட்ட ஃபார்ம் தேவை. அதை அலுவலகம்தான் உள்ளே ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகப் பன்னிரண்டேகாலிலிருந்து இரண்டே முக்கால் வரை கவுண்டர் மூடியிருக்கும். அந்த நேரத்தில் வருகிறவர்கள் வெளியே இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டே முக்காலுக்குப் பெட்டியைத் திறந்தேன். ஒரே ஒரு ஃபார்ம். பெயர் சிவநேசன். பாடம் அளவைக் கோட்பாடு. எல்லாக் கையெழுத்தும் இருந்தது.

அதை ஏற்ற இரண்டு நிமிஷம் ஆகும். ஏற்றினால் ஐந்து பேர்.

நான் அதைக் கிழிக்கவில்லை. ஒளிக்கவும் இல்லை. மேஜையில் ஒரு கோப்பின் கீழே வைத்துவிட்டு வேறு வேலை எடுத்தேன். மருந்தியல் மாணவர்களின் புள்ளியியல் வகுப்புக்கு அறை மாற்ற வேண்டியிருந்தது. உண்மையாகவே அவசரமான வேலை. அதை மிகக் கவனமாகச் செய்தேன். மூன்றரைக்கு ஒருமுறை கோப்பைப் பார்த்தேன். நாலரைக்கு ஒருமுறை. நாலே முக்காலுக்குப் பிறகு கடிகாரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஐந்து மணிக்குத் திரையில் பதிவு மூடியது என்று வந்தது. ஃபார்மை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டேன். தீவையும் எங்கள் கரையையும் இணைக்கும் பாலத்தில் நெரிசல். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. சனி, ஞாயிறு நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை பேராசிரியர் ஓங்கின் ஸ்கேல் அந்த வரியில் வந்து நின்றது. இதை எடுத்தால் யாருக்குத் தாமதம் என்று கேட்டார். பதிந்திருக்கும் நான்கு பேருக்கும் வேறு பாடம் இருக்கிறது என்றேன். பொய் இல்லை. அவர் பென்சிலால் கோடு போட்டார். ஜமீலாவுக்குப் பொறியியல் முதல் வருஷ நுண்கணிதம், காலை எட்டு மணி. பகலில் அவள் அலுவலகத்துக்கு வந்தாள்.

“பரவால்ல லா பத்மா,” என்றாள். “இருநூறு பேரு முன்னால கத்திப் பேசி ரொம்ப நாளாச்சு. தொண்டைக்கு நல்லது.”

செவ்வாய்க்கிழமை காலை சிவநேசன் வந்தார். நாற்பது வயதிருக்கும். எங்கள் கரையில் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். இரவு ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு மோட்டார் சைக்கிளிலேயே பாலத்தைத் தாண்டி வந்திருந்தார். கையில் ஹெல்மெட். சிஸ்டத்தில் தன் பெயர் இல்லை என்றார்.

“வெள்ளிக்கிழமையே போட்டுட்டேன் அக்கா. ஒரு மணி இருக்கும். கவுண்டர் சாத்தியிருந்துச்சு, பெட்டியில போட்டேன்.”

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அவர் உடனே போகவில்லை. தனக்கு மிச்சமிருப்பது இந்த ஒரே பாடம்தான், காலக் கெடு அடுத்த வருஷம் முடிகிறது, இந்தப் பாடம் மறுபடி வருவதற்குள் தன் பெயரை நீக்கிவிடுவார்கள் என்று சொன்னார். கோபமே இல்லை. ஒரு இயந்திரம் ஏன் நின்றது என்று விளக்குகிறவரைப்போல நிதானமாகச் சொன்னார். ஏழு வருஷமாகப் படிக்கிறார். பெட்டியில் போட்டதற்கு அவரிடம் அத்தாட்சி ஒன்றும் கிடையாது. அவர் பேசிக்கொண்டிருந்தபோது ஃபார்ம் என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இழுப்பறைக்குள் இருந்தது.

அவர் நேராகத் துறைத் தலைவரிடம் போனார். பத்து நிமிஷத்தில் என்னைக் கூப்பிட்டார்கள்.

பேராசிரியர் ஓங் என்னைப் பார்த்து, இவருடைய ஃபார்ம் எப்போது வந்தது என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். சிவநேசன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் மடியில் இருந்தது. வரவே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். பென்சில் அசையவில்லை.

நான் வெளியே போய் இழுப்பறையைத் திறந்து ஃபார்மை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்கு என் கைக்கு வந்தது, நான் ஏற்றவில்லை என்றேன்.

கவனக்குறைவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாதி உண்மையோடு அங்கே நின்றுகொண்டேன்.

மூடிய பதிவைத் திறக்க வேண்டுமென்றால் தவறு அலுவலகத்தின் பக்கம் என்று பொறுப்பானவர் கையெழுத்திட்டு டீனுக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் பிரதி பணிப் பதிவேட்டில் சேரும். அந்த வருஷம் எனக்கு ஒரு பதவி உயர்வு வரவிருந்தது. பேராசிரியர் ஓங்குக்கு அது தெரியும். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை பாடம் திரும்பப் பட்டியலில் ஏறியது. பதவி உயர்வு எனக்கு வரவில்லை. அடுத்த நான்கு வருஷமும் வரவில்லை.

நான் எதிர்பார்க்காதது அதற்கு அடுத்த நாள் நடந்தது. ஜமீலா ஒரு டப்பாவில் சூஜி கேக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். அவள் அம்மா செய்தது. சிஸ்டத்தில் எங்கோ நடந்த தப்பை நான் என் தலையில் போட்டுக்கொண்டேன் என்று அவள் நினைத்திருந்தாள். “என் கிளாஸுக்காக உன் ஃபைல்ல கரும்புள்ளி வெச்சுக்கிட்டியே பத்மா,” என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்த கேக்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கணவரும் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். நான் தொடவில்லை.

பத்து நாள் அப்படியே இருந்தேன். அவள் பதவி, அவள் பாடம் எல்லாவற்றையும்விட அவள் காட்டிய நன்றி அதிகமாக என்னை அரித்தது. அதை வாங்கிக்கொண்டே ஓய்வுபெறும் நாள்வரை உட்கார்ந்திருக்க முடியாது என்று தெரிந்தது. ஒரு மதியம் அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஃபார்மை நான் பார்த்தேன், தெரிந்தேதான் ஏற்றாமல் வைத்திருந்தேன் என்று சொன்னேன்.

அவள் பேனாவை மூடினாள்.

“எவ்வளவு நேரம் உன்கிட்ட இருந்துச்சு?”

“ரெண்டே முக்கால்ல இருந்து அஞ்சு வரைக்கும்.”

“ரெண்டேகால் மணி நேரம்,” என்றாள். அதைக் கணக்குப் போட்டதுபோல் இல்லை, அவ்வளவு நேரமும் என் மேஜையில் தானே உட்கார்ந்து பார்த்ததுபோல் இருந்தது. ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தயார் செய்துவைத்திருந்த பதில். அவள் கேட்கவில்லை.

“எனக்கு என்ன போச்சு? எட்டு மணி கிளாஸ் எடுத்திருப்பேன். அந்த மனுஷனுக்குத்தான் நீ செஞ்சது. அவருகிட்ட போய்ச் சொல்லு.”

திரும்ப விடைத்தாளை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வகுப்பு நாளில் அறைக்கு வெளியே சிவநேசனுக்காகக் காத்திருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். ஜமீலாவிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். டாக்டர் மேல் எனக்கிருந்த பொறாமையால் செய்தேன் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொன்னால் அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். அவர் கேட்டுக்கொண்டே ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“அந்த ரெண்டு மணி நேரத்துல என்னைப் பத்தி ஒரு தடவையாவது நெனச்சீங்களா அக்கா?”

இல்லை என்றேன். அது உண்மை. ஃபார்மில் அவர் பெயரைப் படித்தேன், ஒரு எண்ணிக்கையாக. அதற்குமேல் அவரை நான் நினைக்கவே இல்லை.

அவர் தலையை ஆட்டினார். வகுப்பு தொடங்கிவிட்டது, உள்ளே போனார். புகார் கொடுப்பார் என்று ஒரு மாதம் எதிர்பார்த்தேன். கொடுக்கவில்லை. அவருக்கு அதற்கெல்லாம் நேரமிருக்கவில்லை என்று நினைக்கிறேன். மறு வருஷம் ஆய்வேட்டைக் கட்டிக் கொண்டுவந்து, விதிப்படி இரண்டு பிரதி கவுண்டரில் வைத்தார். அவர் போன பிறகு நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மனைவி, பிள்ளைகள், ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்த சக ஊழியர்கள், டாக்டர் ஜமீலா. கடைசி வரியில் கணிதத் துறை அலுவலகத்தினருக்கும் நன்றி. எல்லா ஆய்வேட்டிலும் வருகிற வரிதான். பெறுகை முத்திரை குத்தி நூலகத்துக்கு அனுப்பினேன்.

ஜமீலா அன்றிலிருந்து என்னைப் புவான் பத்மா என்று, அந்நியரைத் திருமதி போட்டு அழைப்பதுபோல், கூப்பிட்டாள். கத்தவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஃபைல் வேண்டுமென்றால் கேட்பாள், நன்றி சொல்வாள். கணக்குத் தாள்களைத் தானே நகலெடுத்துக்கொண்டாள். பதினொரு வருஷம். என் ஓய்வு விருந்துக்கும் வந்தாள். எல்லோரோடும் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டாள். இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தவறை ஒப்புக்கொண்ட கடிதம் பதிவேட்டில் இருந்தாலும் அதோடு வேலை செய்யப் பழகிவிடலாம். புவான் என்ற சொல்லோடு பழக எனக்கு முடியவில்லை. அதற்குப் பிறகும் பொறாமை போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு முறை அவள் பாடம் பட்டியலில் ஏறும்போதும் எத்தனை பேர் என்று முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பேன். ஆனால் பெட்டியில் வந்த எந்த ஃபார்மும் பிறகு என் மேஜையில் ஐந்து நிமிஷத்துக்குமேல் இருந்ததில்லை.

போன வாரம் கண் மருத்துவமனையில் என் எண்ணுக்காகக் காத்திருந்தேன். யாரோ பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். திரும்பினால் ஜமீலா. இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. அவளுக்குக் கண்புரையாம். ஒப்பந்தத்தில் வேலை செய்வது இந்த வருஷத்தோடு முடிகிறதாம். எழுந்து வேறு இடத்துக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் எண்கள் மாறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பாடத்திட்டத்த மாத்துறாங்க பத்மா,” என்றாள். “அளவைக் கோட்பாடு இனிமே லிஸ்ட்ல இல்ல. எடுத்துட்டாங்க.”

சந்தோஷம் வருகிறதா என்று எனக்குள் பார்த்தேன். வரவில்லை. வந்தது பழைய எரிச்சல்தான். எடுத்துப்போடுவதற்கு அவளுக்கு ஒரு பாடம் இருந்ததே என்ற எரிச்சல். முப்பத்து மூன்று வருஷம் பட்டியல் போட்டவளுக்கு அதில் ஒரு வரிகூடச் சொந்தமில்லை.

“எத்தன தடவ நடத்தியிருப்பேன்?” என்று தன்னையே கேட்பதுபோல் கேட்டாள். “எட்டு? ஒம்பது?”

“பன்னண்டு,” என்றேன்.

நம்பாமல் பார்த்தாள். நான் சொல்லத் தொடங்கினேன். முதல் தடவை ஏழு பேர், பழைய கட்டடத்தில் மின்விசிறி ஓடாத அறை. இரண்டாவது ஐந்து பேர், ஒரு பெண் பிரசவத்துக்குப் போய்த் தேர்வைத் தனியாக எழுதினாள். மூன்றாவது ஆறு. நாலாவது எட்டு, அதில் இரண்டு பேர் இயற்பியல் துறையிலிருந்து வந்தவர்கள். ஐந்தாவது ஆறு. ஜமீலா கைப்பையிலிருந்து பேனா எடுத்து, மருத்துவமனை அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். கண் சரியாகத் தெரியாததால் எண்கள் பெரிது பெரிதாக விழுந்தன.

“ஆறாவது?” என்றாள்.

“அஞ்சு.”

எழுதினாள். பேனா நிற்கவில்லை. ஒன்பது, ஆறு, ஏழு, ஐந்து, எட்டு. கடைசித் தடவை நான் ஓய்வுபெற்ற பிறகு நடந்தது. அது ஆறு பேர் என்று அவளே சொன்னாள். கூட்டினாள். நானும் மனத்துக்குள் கூட்டினேன். எழுபத்தெட்டு என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம்.

“எனக்கே ஞாபகம் இல்ல. உனக்கு எப்படி?”

“பொறாமைதான்,” என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்குள் அவள் எண் திரையில் வந்தது. உள்ளே சொட்டு மருந்து விட அரை மணி நேரமாவது ஆகும். எழுந்தாள், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள், கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு நடந்தாள்.

அவள் திரும்பி வருவதற்குள் என் எண்ணை இரண்டு முறை அழைத்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.